ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை: ராம் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. இதற்கு ராம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், செலவே இல்லாமல் முதலில் சோதித்துப் பார்க்கக்கூடியது ராம்தான். புது ராம் வாங்கக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கெட்டுப்போச்சு என்று ஒதுக்கப்படும் ராம்களில் நல்ல ராம்களும் நிறைய. சரியாக உட்காராமல், மதர்போர்டுக்குப் பொருந்தாமல், பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் ஒத்துவராமல் நின்றுபோனவை அவை.

ராமில் பிரச்சினை என்றால் திரையில் ஒரு எரர் கூட ஏன் வருவதில்லை?

எரரைக் காட்டவே ராம் வேண்டும் என்பதால்தான். கணினி உயிர்பெற்றதும் மதர்போர்டில் உள்ள பயாஸ் முதலில் ஓடத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் ராம் இன்னும் தயாராகியிருக்காது. ப்ராசசருக்குள் இருக்கும் சின்ன கேஷ் நினைவகத்தையே தற்காலிக இடமாக வைத்துக்கொண்டு பயாஸ் வேலையைத் தொடங்கும். ஒவ்வொரு ராம் ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்றொரு குட்டி சிப் இருக்கிறது. அந்த ஸ்டிக்கின் கொள்ளளவு, வேகம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். பயாஸ் அதைப் படித்து, ப்ராசசருக்கும் ராமுக்கும் இடையே ஓடும் சிக்னல்களை நுணுக்கமாகச் சரிசெய்கிறது. இதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர். இது முடிந்த பிறகுதான் கிராபிக்ஸுக்கு உயிர் வரும், திரையில் லோகோ தெரியும்.

ராம் கட்டத்திலேயே வண்டி நின்றுவிட்டால், திரைக்கு வரும் வாய்ப்பே இல்லை. பீப் சத்தம், போர்டில் எரியும் சின்ன எல்இடி, இவை இரண்டைத்தான் நம்ப வேண்டும்.

ராம்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் ராமாக இருக்க வாய்ப்பில்லாதவற்றைக் கழித்துவிடுங்கள். ஃபேனே சுற்றவில்லை, எந்த விளக்கும் எரியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), பவர் பட்டன் வயர், போர்டு ஆகியவற்றைப் பாருங்கள். லோகோ வந்து, பயாஸுக்குள்ளும் போக முடிகிறது, விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்க் அல்லது விண்டோஸ் பிரச்சினை. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்பக்கத்தில் செருகியிருந்தாலும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். கேபினெட்டைத் திறப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரி, இன்னும் டிஸ்பிளே இல்லை என்றால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பவர் கேபிளை உருவிவிட்டு எல்லா ராமையும் கழற்றுங்கள். ராமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். இதனால் எதுவும் கெடாது. போர்டில் ஸ்பீக்கர் இருந்து, இப்போது "ராம் இல்லை" என்று பீப் அடித்தால், அல்லது டிராம் எல்இடி (போர்டில் ராமுக்கென்று உள்ள சின்ன விளக்கு) எரிந்தால், ப்ராசசரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். ராம் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவை வேலை செய்கின்றன. சந்தேகத்தை ராம் பக்கம் திருப்பலாம். ஸ்பீக்கரோ டிராம் எல்இடியோ இருந்தும், ராமே இல்லாதபோது எந்தக் குரலும் விளக்கும் வரவில்லை என்றால், ராமைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ப்ராசசர், அதற்கான பவர் கேபிள், போர்டு, எஸ்எம்பிஎஸ் பக்கம் போங்கள்.

பீப் சத்தம் வருகிறது. எத்தனை பீப் என்றால் ராம்?

எல்லா போர்டுக்கும் பொதுவான கணக்கு கிடையாது. அவார்ட் பயாஸ் உள்ள பழைய போர்டுகளில் நீளமான பீப் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ராம். பழைய ஏஎம்ஐ பயாஸின் பட்டியலில் ஒன்று முதல் மூன்று வரையான சிறு பீப்கள் நினைவகக் கோளாறைக் குறித்தன. ஆனால் பல போர்டுகளில் ஒரே ஒரு சிறு பீப் என்றால் "எல்லாம் நலம்" என்று அர்த்தம்! அதனால் போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து, அதற்குரிய கையேட்டில் உள்ள பட்டியலை மட்டும் நம்புங்கள். இன்டெல் ப்ராசசர் கொண்ட பழைய மேக்குகளில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஒரு ஒலி வந்தால் ராமே இல்லை. அடுத்தடுத்து மூன்று ஒலி, பின் ஐந்து விநாடி அமைதி என்று வந்தால் ராம் இருக்கிறது, சோதனையில் தேறவில்லை.

என் போர்டில் பீப்பே வருவதில்லையே?

இப்போது வரும் பல போர்டுகளோடு ஸ்பீக்கர் தருவதில்லை. நான்கு பின் கொண்ட சின்ன பஸ்ஸர் ஒன்று தனியாகக் கிடைக்கும். கணினியைத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு எல்இடிகள் போர்டின் ஓரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிராம் என்பதில் விளக்கு நிலைத்து நின்றால் ராம் கட்டத்தில் மாட்டிக்கொண்டது என்று பொருள். விலை கூடிய போர்டுகளில் இரண்டு இலக்க எண் திரை இருக்கும். அதில் 55 என்று நின்றால் பெரும்பாலும் "ராம் கண்டுபிடிக்கப்படவில்லை".

புது கணினி, டிடிஆர்5 ராம். முதல்முறை ஆன் செய்தேன், இரண்டு நிமிடமாகக் கறுப்புத் திரைதான். கெட்டுவிட்டதா?

பொறுங்கள், அணைக்காதீர்கள். டிடிஆர்5 என்பது ராமின் ஒரு தலைமுறை, டிடிஆர்3, டிடிஆர்4-க்கு அடுத்தது. முதலில் சொன்ன மெமரி டிரெயினிங் டிடிஆர்5-இல் நிறைய நேரம் எடுக்கும். அதிலும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் அதிகக் கொள்ளளவு போட்டிருந்தால் முதல் பூட்டுக்குப் பல நிமிடங்கள் ஆகலாம். டிராம் எல்இடி எரிந்துகொண்டே இருக்கும், தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகும், பார்ப்பவருக்குப் பதறும். பாதியில் அணைத்தால் டிரெயினிங் மறுபடி முதலிலிருந்துதான். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். அதன்பிறகும் ஒன்றும் இல்லை என்றால் மட்டும் கேபினெட்டைத் திறக்கலாம். பயாஸ் அப்டேட் செய்தபின், ராம் மாற்றியபின், சிமாஸ் கிளியர் (பயாஸ் செட்டிங்குகளை அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது) செய்தபின்னும் இதே காத்திருப்பு வரும்.

ராமை எப்படிக் கழற்றி மாட்ட வேண்டும்?

டிஸ்பிளே வராத கணினிக்கு முதல் வைத்தியமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பவர் கேபிளை உருவுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உருவியபின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை ஓரங்களில் பிடியுங்கள். தங்க நிறத்தில் பளபளக்கும் பகுதியில் விரல் படக்கூடாது.

ஸ்லாட்டின் கிளிப்பைத் திறந்து ஸ்டிக்கை எடுங்கள். திரும்ப வைக்கும்போது, ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் நேராக இருக்க வேண்டும். வெட்டு நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் திருப்பி வையுங்கள், அழுத்தாதீர்கள். ஒத்துவந்தபின் இரண்டு கட்டை விரலாலும் இரண்டு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். "டிக்" என்று கேட்க வேண்டும்.

இப்போது பல போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப் இருக்கிறது. ஏமாற்றும் இடமே இதுதான். கிளிப் உள்ள முனை "டிக்" என்று பூட்டிக்கொள்ளும். கிளிப் இல்லாத மறுமுனை ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. செல்போன் டார்ச்சை அடித்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஸ்லாட்டின் மேல் விளிம்புக்கும் தங்கக் கோட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி இந்த முனை முதல் அந்த முனை வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தங்கம் கூடுதலாகத் தெரிந்தால், அந்த முனையை மட்டும் இன்னொருமுறை அழுத்துங்கள். பலருக்குப் பிரச்சினை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

அழிரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே?

தேய்த்தபின் கணினி ஓடுவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர், அதில் பொய்யில்லை. ஆனால் கழற்றி மாட்டியதாலேயே ஓடியதா, தேய்த்ததால் ஓடியதா என்று சொல்ல முடியாது. அழிரப்பர் உரசும் பொருள். அந்தத் தங்கப் பூச்சோ மிக மெல்லியது. உரசும்போது நிலைமின்சாரமும் உண்டாகும், துகளும் உதிரும். அதைவிட, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் துடைத்து, முழுக்க உலரவிட்டு மாட்டுங்கள். ஸ்லாட்டுக்குள் தூசி இருந்தால் காற்று அடித்தால் போதும். ஊசி, பின் எதையும் உள்ளே விடவேண்டாம். ஒரு கம்பி வளைந்தால் ஸ்லாட்டே போய்விடும்.

இரண்டு ஸ்டிக் இருக்கிறது. எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இந்த விதியை விட்டுவிட்டால் மாலை முழுக்கக் கழற்றி மாட்டினாலும் பதில் கிடைக்காது. ஒரு தாளில் ஸ்டிக்குக்கு 1, 2 என்றும், ஸ்லாட்டுக்கு போர்டில் அச்சிட்ட பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், ஒற்றை ஸ்டிக்குக்குப் பெரும்பாலும் ஏ2 தான் உரிய இடம், அதாவது ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. இரண்டு ஸ்டிக் என்றால் ஏ2, பி2: இரண்டாவதும் நான்காவதும். ப்ராசசருக்குப் பக்கத்தில் உள்ள முதல் ஸ்லாட்டில் ஒற்றை ஸ்டிக்கைப் போட்டு, ஓடவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். உங்கள் போர்டு எதைச் சொல்கிறது என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

ஸ்டிக் 1-ஐ ஏ2-இல் போட்டு ஆன் செய்யுங்கள். எழுதுங்கள். அதை எடுத்துவிட்டு ஸ்டிக் 2-ஐ அதே ஏ2-இல். எழுதுங்கள். ஒன்று ஓடி மற்றொன்று ஓடவில்லை என்றால் ஓடாததன் மேல் சந்தேகம். அதை பி2-இலும் போட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டும் ஏ2-இல் ஓடவில்லை, இரண்டும் பி2-இல் ஓடுகின்றன என்றால் ஸ்டிக் இரண்டும் நல்லவை, கோளாறு ஏ2 பக்கம். தனித்தனியாக இரண்டும் ஓடுகின்றன, சேர்த்துப் போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் பொருத்தம் அல்லது வேகம் பிரச்சினை.

இரண்டு ஸ்டிக்கும் எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லையா? இரண்டும் ஒரே நாளில் கெடுவது அரிது. ராமைத் தவிர்த்து வேறு இடத்தில் தேடுங்கள். முடிந்தால் உங்கள் ஸ்டிக்கை அதே தலைமுறை ராம் போடும் வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். அதைவிடத் தெளிவான சோதனை கிடையாது.

ஸ்லாட் பக்கம் கோளாறு என்றால் போர்டு போச்சா?

அவசரப்படாதீர்கள். ராமைக் கட்டுப்படுத்தும் மெமரி கன்ட்ரோலர் முன்பு போர்டில் இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 வரிசையிலும், இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-இலும் அதை ப்ராசசருக்குள் கொண்டுவந்துவிட்டன. அதனால் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலோ, ப்ராசசர் சரியாக உட்காராவிட்டாலோ, கூலரை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலோ கூட ஒரு சேனல் (ப்ராசசருக்கும் சில ஸ்லாட்டுகளுக்கும் இடையே உள்ள பாதை) முழுக்கச் செத்ததுபோல இருக்கும். சமீபத்தில் ப்ராசசரையோ கூலரையோ கழற்றியிருந்தால் முதலில் அதைத் திரும்பப் பாருங்கள். கூலர் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும்.

பழைய ராமில் ஓடியது. புது ராம் போட்டபின் ஓடவில்லை. புதுசு கெட்டதா?

கெட்டதாகவும் இருக்கலாம், பொருந்தாததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தலைமுறை மாறினால் மாட்டவே முடியாது. டெஸ்க்டாப்பில் டிடிஆர்3-க்கு 240 பின். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின் என்றாலும் வெட்டு வேறு வேறு இடத்தில். மின்னழுத்தமும் வேறு: 1.5, 1.2, 1.1 வோல்ட். பலம் போட்டு அழுத்தி உள்ளே தள்ளினால் ராமும் போகும் ஸ்லாட்டும் போகும்.

மாட்ட முடிந்தும் ஓடாதவைதான் குழப்பும். சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு டிடிஆர்4 ராம் சாதாரண டெஸ்க்டாப் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், பூட் மட்டும் ஆகாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். லேபிளில் ஆர்டிம் என்றோ ரெஜிஸ்டர்டு என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்3-இல் இன்னொரு பொறி: ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டும் என்று விற்கப்படும் ஸ்டிக்குகள். அவற்றின் சிப் அமைப்பு வேறு, இன்டெல் கணினியில் எழும்பாது. குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் டிடிஆர்3எல் மட்டும் ஏற்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ராம் போட்டாலும் இதே கதை.

போர்டு தாங்கும் உச்ச அளவையும் பாருங்கள். இன்டெல் எச்61 போர்டு என்றால் ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபிதான். 24, 48 ஜிபி அளவுகளில் வரும் டிடிஆர்5 ஸ்டிக்குகளைப் பழைய பயாஸ் அடையாளம் காணாது. பழைய ராமைப் போட்டு பயாஸை அப்டேட் செய்தபின் புதியதை மாட்டுங்கள். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தால் ராம் இல்லாமலேயே அப்டேட் செய்ய முடியும்.

பழையதும் புதியதும் கலந்து போடுவது பல சமயம் ஓடும், ஆனால் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நான்கு ஸ்டிக் போட்டால் சுமை இன்னும் கூடும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் டிடிஆர்5 வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200. நான்கு போட்டால் 3600. பெட்டியில் 6000 என்று அச்சடித்திருக்கிறதே என்று நான்கையும் அந்த வேகத்தில் ஓட்டச் சொன்னால் பல சமயம் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

எக்ஸ்எம்பி ஆன் செய்தேன், அதன்பின் பூட் ஆகவில்லை.

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டும் ராமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேலே ஓட்டும் செட்டிங்குகள். உங்கள் ப்ராசசரோ போர்டோ அதைத் தாங்கவில்லை, அவ்வளவுதான், ராம் கெடவில்லை. சிமாஸ் கிளியர் செய்யுங்கள். பவர் கேபிளை உருவி, போர்டில் சிஎல்ஆர்டிசி அல்லது அதுபோன்ற பெயருள்ள இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து விநாடி இணைத்துப் பிடியுங்கள். அல்லது காசு போல வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். பூட் ஆனபின் ஒரு படி குறைந்த வேகத்தை வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி) இருந்தால், சிமாஸ் கிளியர் செய்தபின் அது ரெகவரி கீ கேட்கலாம். அந்த எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மடிக்கணினிக்கு இதெல்லாம் பொருந்துமா?

கழற்ற முடிகிற ராம் என்றால் பொருந்தும். சார்ஜரை உருவினால் மட்டும் போதாது, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்ற வேண்டும். ஸ்டிக்கைச் சாய்வாக உள்ளே தள்ளி, தங்கக் கோடு மறைந்தபின் கீழே அமுக்கினால் இரண்டு பக்கக் கம்பிகளும் பூட்டிக்கொள்ளும். ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்தால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்று இருக்கும் மாடல்களில் ஸ்லாட்டில் உள்ளதை எடுத்துவிட்டு ஆன் செய்து பாருங்கள், ஓடினால் தப்பித்தீர்கள்.

சில நாள் பூட் ஆகிறது, சில நாள் ஆவதில்லை. பூட் ஆனாலும் நீலத் திரை வருகிறது.

பூட் ஆகிற நாளிலேயே சோதனை ஓட்டிவிடுங்கள். ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து யுஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) கணினிகளிலும் ஓடும். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னோஸ்டிக்கும் பரவாயில்லை, ஆனால் அதில் தேறிய ராம் மெம்டெஸ்டில் தோற்பதுண்டு. ஒரு சுற்று போதாது, இரவு முழுக்க விடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான். "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போது சுத்தமாக வந்தால் வேகம்தான் காரணம். அப்போதும் எரர் வந்தால் ஸ்டிக் ஸ்டிக்காகப் பிரித்துச் சோதியுங்கள்.

எரர் இருந்தாலும் கணினி ஓடத்தானே செய்கிறது? அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் திறக்கும் புகைப்படம், சேமிக்கும் கோப்பு, காப்பி செய்யும் ஒவ்வொன்றும் ராம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால் கெட்டுப்போன கோப்பு டிஸ்கில் பதிந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. பிறகு பேக்கப் எடுத்தால் பேக்கப்பிலும் அதே கெட்ட கோப்புதான் இருக்கும். சந்தேகமுள்ள ராமோடு விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வது, டிஸ்க் ரிப்பேர் ஓட்டுவது, பயாஸ் அப்டேட் செய்வது எல்லாமே ஆபத்து. கெட்ட ஸ்டிக்கை எடுத்துவிட்டு, நல்ல ஒரே ஸ்டிக்கோடு மெதுவாக ஓட்டினாலும் பரவாயில்லை.

கெட்டது எது என்று தெரிந்துவிட்டது. மாற்றும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் வாரண்டி. பல ராம் நிறுவனங்கள் நீண்ட கால வாரண்டி தருகின்றன, வாழ்நாள் வாரண்டியும் உண்டு. பழையதாயிற்றே என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். ஸ்டிக்கில் உள்ள ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், சீரியல் எண் அதில்தான் இருக்கிறது. ஒரே பெட்டியில் ஜோடியாக வந்த ஸ்டிக் என்றால் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்வார்கள், அதுவரைக்கும் மாற்று ராமுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மெம்டெஸ்ட் எரர் காட்டிய திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். புதிதாக வாங்குவதானால் போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு க்யூவிஎல் என்று, அவர்கள் சோதித்துப் பார்த்த ராம்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் உள்ள ராமின் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அதையே வாங்குங்கள். வந்ததும் பழைய வேலையைத் தொடங்குவதற்கு முன், புது ராமையும் ஒரு இரவு மெம்டெஸ்டில் ஓடவிடுங்கள்.